புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து சிஸ்டம் விழுகிறதா (க்ராஷ் ஆகிறதா)? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்குப் பகுதி நேர வேலை. மாதத்துக்கு நாலு பேராவது ஒரே கதையோடு போன் செய்கிறார்கள்: "கார்டு மாத்தினேன், அன்னையில இருந்து சிஸ்டம் நிக்க மாட்டேங்குது." ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 போட்ட டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான் இது.

"பழைய கார்டுல நல்லா ஓடுச்சேண்ணா! அப்போ புதுக் கார்டுதானே பழுது?"

அப்படித்தான் தோன்றும். ஆனால் என்னிடம் வந்த சிஸ்டங்களில் கார்டே பழுதாக இருந்தவை குறைவு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பழைய கார்டு 75 வாட்ஸுக்குள் அடங்கிவிடும். மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர்கூட வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு 170 வாட்ஸ் இழுக்கிற ஆர்டிஎக்ஸ் 3060-ஐ மாட்டினால், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), வயர், யுபிஎஸ், கேபினெட் காற்றோட்டம் எல்லாமே இதுவரை பார்க்காத சுமையைப் பார்க்கின்றன. பழைய வீட்டில் ஏசி மாட்டிய அன்று ஃபியூஸ் போனால் யாரும் ஏசியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதில்லை.

"க்ராஷ் ஆகுதுன்னு சொன்னா, 'எப்படி ஆகுது?'ன்னு திருப்பிக் கேக்குறீங்களே சார், எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்று இல்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது. கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்தால், அல்லது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தானாக ரீஸ்டார்ட் ஆனால், முதல் சந்தேகம் மின்சாரப் பக்கம்: எஸ்எம்பிஎஸ், வயர், யுபிஎஸ். திரை மட்டும் கறுத்து, ஹெட்போனில் நண்பன் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தால், சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது. விழுந்தது டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அல்லது கார்டு. கிராபிக்ஸ் கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பப் பார்க்கும். எழுந்தால் படம் திரும்பி வரும், எழாவிட்டால் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று ப்ளூ ஸ்கிரீன் வரும்.

படம் அப்படியே உறைந்து ஸ்பீக்கர் 'ட்ர்ர்ர்' என்று ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டால், ராம், பிராசஸர் பக்கமும் பார்க்க வேண்டும். கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தால் டிரைவர், ஓவர்கிளாக் (கார்டை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது), ராம், அந்த கேமே என்று பட்டியல் நீளம். திரையெல்லாம் பொட்டுப் பொட்டாகவோ கட்டம் கட்டமாகவோ நிறம் சிதறி, பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) திரையிலும் அப்படியே தெரிந்தால், அப்போதுதான் கார்டின் மெமரி மேல் சந்தேகப்படுவேன்.

அதனால் அடுத்த தடவை விழும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஃபேன் சுற்றுகிறதா, சத்தம் வருகிறதா, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா என்று பத்து நொடி பாருங்கள்.

"ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளேவே வரல"

மானிட்டர் வயர் எங்கே மாட்டியிருக்கிறது? மதர்போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ-யில் இருந்தால் கழற்றிக் கீழே இருக்கும் கார்டில் மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை அரை மணி நேரம் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து கார்டுக்கான பவர் வயர். அதற்கும் அடுத்து, கார்டு ஸ்லாட்டில் முழுக்க இறங்கி, கடைசியில் இருக்கும் கொக்கி 'டிக்' என்று பூட்டிக்கொண்டதா என்பது. மூன்றும் சரி என்றால் பயாஸ் அப்டேட். பல வருடப் பழைய மதர்போர்டு புது கார்டை அடையாளம் கண்டுகொள்ளாமல் திணறுவது உண்டு.

"எஸ்எம்பிஎஸ் 450 வாட்ஸ், கார்டு 170 வாட்ஸ்தான். எப்படிப் பத்தாம போகும்?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விடுங்கள். பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் லைனில்தான் குடிக்கின்றன.

போன ஏப்ரலில் ஒரு கல்லூரிப் பையன் தூக்கிக்கொண்டு வந்த சிஸ்டம். கேபினெட் வாங்கும்போது கூடவே வந்த எஸ்எம்பிஎஸ், கையில் எடுத்தால் பொம்மை மாதிரி எடையே இல்லை. ஸ்டிக்கரில் 450 வாட்ஸ், 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். 18 பெருக்கல் 12, 216 வாட்ஸ். மிச்சமெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களைக் கூட்டிக் காட்டிய கணக்கு. அவனுடைய ஐ5 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை இழுக்கும், 3060 தன் பங்குக்கு 170. மொத்தம் 287. டெஸ்க்டாப்பில் படம் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது, கேமில் முதல் சண்டைக்காட்சி வந்ததும் பட்டென்று அணையும். பையன் அதற்குள் மூன்று முறை விண்டோஸை ஃபார்மட் செய்திருந்தான். என்னிடம் இருந்த வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினேன், அதே கேமை அன்று சாயங்காலம் வரை ஆடினான். திட்டிப் பார்த்தும் எழுந்து போகவில்லை.

"அப்போ எவ்வளவு வாட்ஸ் வாங்கணும்? 80 ப்ளஸ் கோல்டுன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாமா?"

கார்டு தயாரிப்பவர் சொல்லும் அளவைக் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் 4060-க்கும் 550 வாட்ஸ், 4070-க்கு 650 என்று என்விடியா சொல்கிறது. அதில் கொஞ்சம் தாராளம் இருக்கிறது, ஆனால் காரணமில்லாமல் இல்லை. கார்டு சராசரியாக 200 வாட்ஸ் இழுத்தாலும், கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்னதாக ஒரு எகிறு எகிறி இறங்கும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்த காலத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ்களே இந்த எகிறலை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்துபோயின. எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று சேர்த்தது. புதிதாக வாங்கினால் அந்தக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

80 ப்ளஸ் என்பது சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான முத்திரை. எகிறலைத் தாங்குமா, பத்து வருடம் வருமா என்பதற்கு அது சாட்சி இல்லை.

"என் எஸ்எம்பிஎஸ்ல 8 பின் வயரே இல்ல. கடைல ஒரு கன்வர்ட்டர் குடுத்தாங்க, மாட்டலாமா?"

ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் தட்டையான சாட்டா முனையிலிருந்து 8 பின்னாக மாற்றுவது என்றால், வேண்டாம். ஒரு சாட்டா முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்ஸுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. 8 பின் முனை 150 வாட்ஸ் வரை கேட்கும். க்ராஷ் ஆவதோடு நின்றால் நல்ல நேரம். பிளாஸ்டிக் உருகி வாசம் வந்த வயர்களையும் பார்த்திருக்கிறேன். 8 பின் இல்லாத எஸ்எம்பிஎஸ், அந்த கார்டைத் தாங்க முடியாது என்று தானே ஒப்புக்கொள்கிறது.

"வயர்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். அதுல என்ன தப்பு பண்ண முடியும்?"

நிறைய. கார்டுக்கான முனை ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். அந்த இரண்டு பின் துண்டு பாதி வெளியே தொங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. விரலால் அழுத்தினால் கொக்கி மாட்டும் சத்தம் வர வேண்டும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே வயரில் வால் மாதிரி தொங்கும் இரண்டாவது முனையைப் போடாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் இழுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் பெரிய கார்டுகளில் இருக்கும் 16 பின் முனைக்கு இன்னும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090-இல் அந்த முனை உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. முழுக்க உள்ளே போகாமல் விட்டது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு பின் நீளத்தை மாற்றித் திருத்திய வடிவம் வந்தது. முனைக்குப் பக்கத்திலேயே வயரை மடித்துக் கண்ணாடிக் கதவை அழுத்தி மூடாதீர்கள்.

இன்னொன்று: கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழைய வயர்களையும் சேர்த்தே கழற்றுங்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வயரை அப்படியே விட்டுப் புதியதில் சொருகி, ஹார்டு டிஸ்க்கைக் கருக்கியவர்கள் இருக்கிறார்கள்.

"யுபிஎஸ்ல மாட்டினா ஆஃப் ஆகுது, நேரா சுவத்துல மாட்டினா ஓடுது. யுபிஎஸ் பழுதா?"

பழுதில்லை, சின்னது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பல 360 வாட்ஸ் வரைதான் கொடுக்கும். மேலே சொன்ன 287-உடன் மானிட்டர், ஃபேன்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது எல்லாம் சேர்த்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மானிட்டரையும் மோடத்தையும் மட்டும் யுபிஎஸ்ஸில் விட்டு சிஸ்டத்தைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. நிரந்தரத் தீர்வு 1000 விஏ அல்லது அதற்கு மேல்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், கரண்ட் போகும் நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் பல மாடல்களில் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் சிஸ்டத்துக்கு அதிகம்.

"லேட்டஸ்ட் டிரைவர் போட்டாச்சு, இன்னும் திரை கறுக்குது"

பழைய கார்டு ஏஎம்டி, புதியது என்விடியா என்றால், அல்லது தலைகீழாக இருந்தால், பழைய டிரைவரின் மிச்சம் மீதி உள்ளே கிடக்கும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு என்ற இலவச மென்பொருள் அதைச் சுத்தமாகத் துடைக்கும். முதலில் புது டிரைவரை டவுன்லோட் செய்து வையுங்கள். பிறகு நெட் வயரைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தனக்குப் பிடித்த டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய் டிடியு-வை ஓட்டி, மறுபடி சாதாரணமாக ஏறி டிரைவரைப் போடுங்கள். சில விண்டோஸ் 11 சிஸ்டங்கள் சேஃப் மோடுக்குப் போகும்போது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்கும். அந்த 48 இலக்க எண் கையில் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

'லேட்டஸ்ட்' என்பதாலேயே நல்லது என்றும் இல்லை. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில் கேம்கள் மூடிக்கொண்டே இருந்தன, கெப்பாசிட்டர்தான் காரணம் என்று உலகமே அடித்துப் பேசியது, பத்துப் பன்னிரண்டு நாளில் 456.55 டிரைவர் வந்து பலருக்குச் சரியானது. 2025 தொடக்கத்தில் 50 வரிசையோடு வந்த 572 டிரைவர்களில் கறுப்புத் திரைப் புகார் ஏராளம். பழைய கார்டுக்காரர்களில் பலர் முந்தைய டிரைவருக்குத் திரும்பித்தான் தப்பித்தார்கள். ஒன்றிரண்டு பதிப்பு பின்னால் போய்ப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

"இவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு சிவப்பா வருது. அதுக்கு ஏதோ ரிஜிஸ்ட்ரி மாத்தணுமாமே?"

மாற்ற வேண்டாம். 41 என்றால் 'போன தடவை நான் முறையாக அணைக்கப்படவில்லை' என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதும் குறிப்பு, அவ்வளவுதான். நீங்கள் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'டிஸ்ப்ளே 4101' இருந்தால் டிரைவர் மயங்கி எழுந்தது. டபிள்யூஹெச்இஏ லாகர் இருந்தால் ஹார்டுவேர் தானே முனகுகிறது. 41 மட்டும் தனியாக, முன்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்தால், எழுதுவதற்குக்கூட நேரம் கிடைக்காமல் கரண்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எம்பிஎஸ் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

அந்த 2 நொடி அவகாசத்தை ரிஜிஸ்ட்ரியில் 8, 10 என்று கூட்டும் வித்தையும் சுற்றுகிறது. மணிக்கணக்கில் கணக்குப் போடும் சில மென்பொருள்களுக்கு அது உதவும். கேம் ஆடுபவருக்கு, இரண்டு நொடியில் வருகிற க்ராஷ் பத்து நொடி கழித்து வரும்.

"கார்டு 83 டிகிரி காட்டுது. சூட்டுலதான் விழுதா?"

83 பயப்படும் எண் இல்லை. அந்த இடத்தில் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே விழாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சுடும் புள்ளி), மெமரி இரண்டின் சூட்டையும் பாருங்கள். 105-ஐத் தாண்டி 110-ஐ நெருங்கினால் கவனிக்க வேண்டியதுதான். பழைய கார்டைவிட இரண்டு மடங்கு சூட்டை இது அதே கேபினெட்டுக்குள் ஊதுகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பக்கக் கதவைக் கழற்றிவைத்து ஒருநாள் ஓட்டுங்கள். விழுவது நின்றால் காற்றோட்டம்தான் காரணம். மே மாதத்தில் மொட்டை மாடி ரூமில் ஆடுபவர்கள் இதை முதலிலேயே செய்யலாம்.

"ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல ஒரு மணி நேரம் நிக்குது. கேம்ல பத்து நிமிஷத்துல போயிடுது. எப்படி?"

ஃபர்மார்க் மாதிரி டெஸ்ட், கார்டை ஒரே சீராக அழுத்துகிறது. கேம் அப்படி இல்லை: லோடிங் திரையில் சும்மா இருந்து, அடுத்த நொடி முழு வேகம், மறுபடி இறக்கம். மேலே சொன்ன எகிறல் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் வரும்.

இரண்டாவது காரணம் பலர் யோசிக்காதது. பழைய கார்டு மெதுவாக இருந்ததால் பிராசஸரும் ராமும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. இப்போது கார்டு வேகம், இவை ஓட வேண்டியிருக்கிறது. எக்ஸ்எம்பி (ராமை வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டு 3600-இல் ஓட்டிய ராம் இத்தனை நாள் அரைகுறையாகத்தான் நிலைத்திருந்தது என்பது இப்போது வெளியே வரும். பயாஸில் எக்ஸ்எம்பி-யை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஆடிப் பாருங்கள். விழுவது நின்றுவிட்டால், ஒரு ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86-ஐப் பென்டிரைவிலிருந்து ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். அதோடு, ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளில் பழைய கார்டுக்குப் போட்ட ஓவர்கிளாக் சுயவிவரம் எதுவும் தானாக ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

"கார்டுல 12 ஜிபி இருக்கு. கேம் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி'ன்னு சொல்லி மூடுது. என்னய்யா அநியாயம்?"

பிராசஸர் என்ன? இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் கார்டை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வாருங்கள். அன்ரியல் இன்ஜின் கேம்களில் வந்த இந்தச் செய்தியைப் பார்த்து எத்தனையோ பேர் கார்டை மாற்றினார்கள். அதிக வோல்டேஜால் பிராசஸரே நாளடைவில் தேய்ந்துபோனது பிறகு தெரியவந்தது. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வெளியிட்டது. அவை பயாஸ் அப்டேட்டில் வரும். ஏற்கெனவே தேய்ந்ததை அப்டேட் மீட்டுத் தராது. அதனால்தான் வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். சோதிப்பதற்கு, பயாஸில் பிராசஸர் வேகத்தை இரண்டு மூன்று படி குறைத்து அதே கேமை ஓட்டுங்கள். பிழை காணாமல் போனால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

"கார்டை நிமித்தி வைக்க ஒரு ரைசர் வயர் வாங்கினேன். அழகா இருக்கு, ஆனா அடிக்கடி போயிடுது"

ரைசரை எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். அது மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்டின் வகை) வயராக இருந்து, கார்டும் மதர்போர்டும் நான்காம் தலைமுறையாக இருந்தால், பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று கட்டிப்போடுங்கள். வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு அநேகமாக இருக்காது.

"நான் கேம்லாம் ஆடறதில்ல தம்பி. கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெண்டர் 80 சதவீதத்துல போய் நிக்குது"

அண்ணே, ரெண்டரில் பிராசஸரும் கார்டும் ஒன்றாக, மணிக்கணக்கில் வேலை செய்கின்றன. கேமைவிட இது கடுமையான பரீட்சை. சிஸ்டமே அணைந்தால் எஸ்எம்பிஎஸ் கணக்கைப் போடுங்கள். மென்பொருள் மட்டும் மூடினால், கேம் ரெடி டிரைவரை எடுத்துவிட்டு என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் டைம்லைனில் அதே இடத்தில் நின்றால் கார்டு பாவம்: அந்த இடத்தில் இருக்கும் கிளிப்போ, எஃபெக்ட்டோ, ட்ரோன்காரர் கொடுத்த ஃபைலோதான். அதை மட்டும் எடுத்துவிட்டு ரெண்டர் கொடுங்கள்.

"செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 580 சல்லிசா கிடைச்சுது. டெஸ்க்டாப் ஓகே, கேம் ஓப்பன் பண்ணா க்ராஷ்"

மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்கும் வேலையில்) ஓடிய கார்டாக இருக்கலாம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ மைனிங்கைக் கைவிட்டதும் அந்த கார்டுகள் சந்தையில் கொட்டின. ஓடியதாலேயே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைனிங்குக்காக கார்டின் பயாஸையே மாற்றி மெமரியை முடுக்கியிருப்பார்கள், அது கேமில் நிற்காது. கார்டின் விளிம்பில் ஒரு பொடி சுவிட்ச் இருந்தால், சிஸ்டத்தை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளுங்கள். சில மாடல்களில் கை படாத இரண்டாவது பயாஸ் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு இசட் மென்பொருளையும் ஒருமுறை ஓட்டுங்கள். பழைய என்விடியா சிப்பை வைத்துப் பெயர் மாற்றி விற்ற கார்டுகள் பலவற்றை அது 'ஃபேக்' என்று முகத்திலேயே காட்டிவிடும்.

"எல்லாம் பாத்துட்டேன். இப்பவாச்சும் கார்டை வாரன்ட்டிக்கு அனுப்பலாமா?"

இன்னும் ஒரே ஒரு வேலை. தெரிந்தவர் சிஸ்டத்தில், நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கும் ஒன்றில், இதே கார்டை மாட்டி அதே கேமை ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் சந்தேகமே இல்லை. அங்கே நிம்மதியாக ஓடினால் அனுப்பிப் பயனில்லை, சர்வீஸ் சென்டரில் அவர்களும் அதைத்தான் பார்த்துவிட்டு 'நோ ப்ராப்ளம்' என்று எழுதி மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தருவார்கள்.

அனுப்பும்போது, விழும் தருணத்தைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், திரையும் கார்டும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி. சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். பில்லையும் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் சின்ன வட்ட ஸ்டிக்கரை மட்டும், பேஸ்ட் மாற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையில் கிழித்துவிடாதீர்கள்.